சமையலறையில் எந்தச் சாதனம் எங்கே? இடம் பிரிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புது வீட்டுச் சமையலறையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். எலக்ட்ரீஷியன் வழக்கமாக வைக்கிற இடங்களில் பிளக் பாயிண்ட் வைத்துவிடுவார். கொத்தனார் மேடை கட்டுவார், அப்புறம் அலமாரி வேலை முடியும். கடைசியாக ஃபிரிட்ஜ் வந்து இறங்கும்போதுதான் அதற்கு இடமில்லை என்று தெரியும். எங்கள் வீட்டில் ஒன்று, சொந்தக்காரர்கள் வீடுகளில் நான்கைந்து என்று கூடவே நின்று பார்த்ததில், தவறு சாதனத்தில் இருந்ததில்லை. எதை முதலில் முடிவு செய்வது, எதை அடுத்தது என்ற வரிசையில்தான் இருந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு நம் ஊர் அடுக்குமாடிகளில் அடிக்கடி பார்க்கிற 10-க்கு 8 அடி அறையை எடுத்துக்கொள்கிறேன். கிழக்குச் சுவர் 8 அடி, தெற்குச் சுவர் 10 அடி. இரண்டையும் ஒட்டி எல் வடிவ மேடை. பக்கத்திலேயே சின்னதாக ஒரு சர்வீஸ் பால்கனி.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டேப், சாக்பீஸ், பழைய செய்தித்தாள், ஒரு நோட்டு. இவ்வளவு போதும். அறையின் நீள அகலம், ஜன்னலின் அகலம், தரையிலிருந்து ஜன்னல் எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மேலே பீம் எங்கே ஓடுகிறது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாதனங்களின் பட்டியல். இருப்பவை மட்டுமல்ல, அடுத்த ஐந்து வருடத்தில் வாங்க நினைப்பவையும் அதில் வர வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம் இப்போது வேண்டாம் என்றாலும், பிறகு வாங்கும் எண்ணம் இருந்தால் எழுதிவிடுங்கள். அதற்கான தண்ணீர்க் குழாயும் பிளக்கும் இப்போது வைத்தால் சுலபமாக முடிகிற வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு எழுதுங்கள்: சாதனத்தின் அளவு, காற்றுக்கு விட வேண்டிய இடைவெளி, கதவு முழுதாகத் திறந்தால் பிடிக்கும் இடம். புதிதாகத் திட்டமிடுகிறவர்கள் முதல் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி மற்ற இரண்டையும் எழுதாததால் வருபவை.

இன்னொரு முக்கியமான அளவு, தினமும் சமைக்கிறவரின் முழங்கை உயரம். செருப்பில்லாமல் நிற்கச் சொல்லி, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். மேடை அதைவிட 4 முதல் 6 அங்குலம் தாழ்வாக இருந்தால் காய் நறுக்கும்போது தோள் தூக்காது. 5 அடி 2 அங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 33 அங்குலம் வரும்.

2. நகர்த்த முடியாதவற்றை முதலில் குறியுங்கள்

கழிவுநீர்க் குழாய் சுவரிலிருந்து வெளியே வரும் இடம், ஜன்னல், கதவு, தூண், பீம். இவை மாறாது. அடுக்குமாடியில் கழிவுநீர்க் குழாயை நம் விருப்பத்துக்கு இழுக்கவே முடியாது. தண்ணீர் தானாக ஓட வாட்டம் வேண்டும். தூரம் கூடக்கூட வாட்டம் போதாமல் அடைப்பு வரும்.

வீட்டில் வாஸ்து பார்ப்பார்கள் என்றால் அதையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். அடுப்பு தென்கிழக்கில், அக்னி மூலையில் வேண்டும், சமைப்பவர் கிழக்கு பார்த்து நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் அதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. மேடை முடிந்த பிறகு அந்தப் பேச்சு எழுந்து, கிரானைட்டை மறுபடி வெட்டிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

3. அடுப்புக்கு இடம்

மாறாதவற்றுக்கு அடுத்தபடி அடுப்பு. மற்ற எல்லாவற்றின் தூரத்தையும் இதிலிருந்துதான் அளக்கப் போகிறோம்.

அடுப்பை ஜன்னலுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். காற்றில் தீ அலையும், சிறு தீயில் வைத்திருந்தால் அணைந்தே போகலாம். அணைந்தது தெரியாமல் கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஜன்னலைச் சாத்தக் கொதிக்கிற பாத்திரத்தின் மேலாகக் கை நீட்ட வேண்டியும் வரும்.

எல் மேடையின் மூலைக்குள் அடுப்பைத் தள்ளுவது அடுத்த பொதுவான தவறு. எங்கள் உதாரண அறையில் கிழக்குச் சுவரின் முதல் 2 அடியைத் தெற்கு மேடையின் ஆழமே எடுத்துக்கொள்கிறது. அந்த 2 அடிக்குள் அடுப்பை வைத்தால் அதன் முன்னால் நேராக நிற்கவே முடியாது. உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் கிளற வேண்டும். அதனால் 2 அடிக்கு அப்புறம்தான் அடுப்பு ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரு அடியாவது வெறும் மேடை இருக்கட்டும். இறக்கிய குக்கரை வைக்கவும், வாணலியின் பிடி சுவரில் இடிக்காமல் இருக்கவும் அது தேவை. மேடையின் திறந்த முனையில் அடுப்பை வைத்தால், கடந்து போகிறவரின் கையோ ஓடுகிற குழந்தையின் தலையோ பிடியில் படும்.

சிம்னி போடுவதாக இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். அடுப்பின் மேல்தளத்திலிருந்து 26 முதல் 30 அங்குல உயரத்தில் சிம்னி வரும். சரியான அளவு அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். அகலம் அடுப்பைவிடக் குறையக் கூடாது. புகைக்குழாய் பெரும்பாலும் 6 அங்குல விட்டம். அது எந்த வழியாக வெளிச்சுவருக்குப் போகும், நடுவில் பீம் குறுக்கிடுகிறதா என்று மேலே பாருங்கள். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். இரண்டு வளைவுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் அடுப்பை ஓர் அடி நகர்த்த முடியுமா என்று யோசிப்பதே மேல்.

4. சிலிண்டர்

அடுப்பை முடிவு செய்த கையோடு சிலிண்டரையும் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் இணைக்கிற ரப்பர் குழாயின் நீளத்துக்கு எல்லை உண்டு. ஐ.எஸ்.ஐ முத்திரையுள்ள சுரக்‌ஷா குழாய் ஒன்றரை மீட்டருக்குள்தான் கிடைக்கும். எட்டவில்லை என்று இரண்டு குழாயை ஒட்டுப்போடக் கூடாது. சுவருக்குள் புதைக்கவும் கூடாது, வெடிப்பு விட்டாலும் தெரியாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் என்பதால் அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, அடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் வைக்கிறீர்கள் என்றால் அந்தக் கதவின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, காற்றுத் துளைகள் கட்டாயம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், மேலே துளை வைத்தால் பயனில்லை. குழாயில் வரும் இயற்கை எரிவாயு நேர்மாறானது. அது லேசானது, மேலே ஏறும். அந்த இணைப்பு உள்ள வீடுகளில் கூரையை ஒட்டிய காற்றுவழி முக்கியம்.

சிலிண்டர் இருக்கும் அலமாரிக்குள் எந்தப் பிளக்கும் ஸ்விட்சும் வேண்டாம். ஸ்விட்ச் போடும்போது உண்டாகும் சிறு பொறியே போதும், தேங்கிய வாயு பற்றிக்கொள்ள. மிக்ஸிக்கோ தண்ணீர் சுத்திகரிப்பானுக்கோ பக்கத்தில் வேறு இடம் இல்லை என்று அதற்குள் பாயிண்ட் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

14.2 கிலோ வாயு உள்ள முழு சிலிண்டர் மொத்தமாக 30 கிலோ அளவுக்கு வரும். அலமாரிக்குள் தூக்கி ஏற்றும்படி படி ஏதும் இருக்கக் கூடாது. தரை மட்டத்திலேயே உருட்டி உள்ளே விடும்படி இருக்கட்டும்.

5. சிங்கும் அதை ஒட்டி வாழ்கிற சாதனங்களும்

சிங்கின் இடம் கழிவுநீர்க் குழாயாலேயே ஏறக்குறைய முடிவாகியிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் உள்ள மேடைதான். காய் நறுக்குவது, மாவு பிசைவது, அரிசி களைந்து வைப்பது எல்லாம் இங்கேதான் நடக்கும். குறைந்தது 2 அடி, கிடைத்தால் 3 அடி. எங்கள் உதாரணத்தில் மூலைக்கு 2 அடி, அடுப்புக்கு இரண்டே கால், வேலை மேடை 2, சிங்க் ஒன்றே முக்கால். 8 அடி சரியாக முடிந்துவிட்டது. இப்படி இறுக்கமாக வரும்போது பெரிய சிங்க், நான்கு பர்னர் அடுப்பு என்று ஆசைப்பட்டால் வெட்டுப்படுவது வேலை மேடைதான். நான் அடுப்பைத்தான் சின்னதாக்கச் சொல்வேன்.

ஆர்.ஓ சுத்திகரிப்பான் சிங்குக்குப் பக்கச் சுவரில் இருக்கட்டும், அதற்கு நேர் மேலே அல்ல. ஃபில்டர் மாற்ற மூடியைத் திறக்க மேலேயும் பக்கத்திலும் கை நுழைய வேண்டும். அதிலிருந்து வெளியேறும் கழிவுத்தண்ணீர்க் குழாய் சிங்கிலோ ஒரு வாளியிலோ விழும்படி எட்டுகிறதா என்றும் பாருங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், தொட்டித் தண்ணீரில் பாசி பிடிக்கும்.

பாத்திரம் கழுவும் இயந்திரம் என்றால் சிங்குக்கு அடுத்த 2 அடிதான் அதன் இடம். தண்ணீர் வருவதும் போவதும் அங்கேதான். முழு அளவு இயந்திரம் சுமார் 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம். 33 அங்குல மேடையின் அடியில் கல்லின் தடிமனைக் கழித்தால் 82 செ.மீ.க்கு மேல் தேறாது. வாங்கும் எண்ணம் இருந்தால் மேடை உயரத்தை முடிவு செய்யும் முன்பே இந்தக் கணக்கைப் போடுங்கள். கதவு முன்பக்கமாகக் கீழே சாய்ந்து திறக்கும். அப்போது நடைவழி முழுதும் அடைபடும் என்பதால் எதிரே 4 அடி வேண்டும்.

6. ஃபிரிட்ஜ்

பலரும் முதலில் முடிவு செய்வது இதை. அடுப்பும் சிங்கும் நின்ற பிறகு மிஞ்சுகிற இடத்தில் இதற்கு வசதியான மூலை பெரும்பாலும் கிடைத்துவிடும். ஃபிரிட்ஜுக்குத் தண்ணீரோ புகைவழியோ தேவையில்லை.

அறைக் கதவுக்குப் பக்கத்தில், மேடை முடியும் இடத்தில் வைப்பது நல்லது. தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் சமைப்பவரின் குறுக்கே போகாமல் வாசலிலேயே எடுத்துக்கொண்டு திரும்பலாம். உயரமான பெட்டி மேடையின் நடுவில் நின்றால் வேலை மேடை இரண்டு துண்டாகிவிடும்.

அடுப்பை ஒட்டி வைக்க வேண்டாம். இடையில் 2 அடியாவது விடுங்கள். சூட்டில் கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும், தாளிக்கிற எண்ணெய் கதவு ரப்பரில் படிந்து பிசுபிசுக்கும்.

காற்று இடைவெளியை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். இப்போது வரும் பல மாடல்களில் பின்பக்கக் கம்பிவலை கிடையாது. வெப்பம் பக்கச் சுவர்கள் வழியாகவே வெளியேறுகிறது. ஓடும்போது பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். அப்படிப்பட்ட ஃபிரிட்ஜை மூன்று பக்கமும் பலகை அடித்த கூட்டுக்குள் ஒரு விரல்கூட நுழையாமல் பொருத்தினால் அது கெட்டுப்போகத்தான் செய்யும். கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். கையேடு கையில் இல்லாவிட்டால் பக்கங்களில் 2 அங்குலம், பின்னால் 3 அங்குலம், மேலே அரை அடி என்று வையுங்கள்.

கீல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பெரும்பாலான ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுகளில் கீல் வலப்பக்கம், கைப்பிடி இடப்பக்கம். கைப்பிடிப் பக்கத்தில்தான் மேடை வர வேண்டும். எடுத்த பால் பாக்கெட்டைத் திரும்பாமலே வைத்துவிடலாம். எங்கள் உதாரணத்தில் தெற்குச் சுவரின் மேற்கு முனையில் ஃபிரிட்ஜ். கீல் மேற்குச் சுவர்ப் பக்கம், மேடை கைப்பிடிப் பக்கம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுவரை ஒட்டி நிறுத்தினால் கதவு 90 டிகிரிக்கு மேல் திறக்காது. திறந்தமாதிரிதான் இருக்கும், ஆனால் காய்கறி டப்பாவை இழுத்தால் கதவு ஓரத்தில் இடித்து நிற்கும். என் அக்கா வீட்டில் அப்படித்தான். அந்த டப்பாவைச் சாய்த்து, பாதி வெளியே இழுத்து, கையை உள்ளே விட்டுத் துழாவித்தான் இன்றைக்கும் கொத்தமல்லி எடுக்கிறாள். சுவர்ப் பக்கம் 5, 6 அங்குலம் விட்டிருந்தால் போதும். 60 செ.மீ. ஃபிரிட்ஜுக்கு இரண்டரை அடி ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

7. கிரைண்டர்

மாடுலர் கிச்சன் படங்களில் கிரைண்டருக்கு இடமே இருக்காது. வரைகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள், அல்லது கீழ் அலமாரிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா குனிந்து அதை வெளியே இழுத்து, மேடைக்குத் தூக்க முடியாமல், தரையிலேயே வைத்து அரைத்தார். அரைத்து முடித்துக் குழவியையும் பாத்திரத்தையும் சிங்குக்குத் தூக்கிப் போகும்போது தரையெல்லாம் மாவு சொட்டும். சொட்டிய தடத்தை நான் ஒருநாள் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹால் ஓரத்துப் பிளக்கிலிருந்து சிங்க் வரை நேர்கோடாக இருந்தது. அந்தக் கோட்டின் நீளம்தான் நாங்கள் திட்டத்தில் செய்த தவறின் அளவு.

கல்லோடு சேர்ந்து கனக்கிற சாதனம் இது. அதனால் விதி ஒன்றுதான்: வைத்த இடத்திலிருந்து எடுக்கத் தேவையே இருக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் குழாய் எட்ட வேண்டும், கழுவிய தண்ணீர் ஓட வழி வேண்டும்.

உயரத்தையும் கவனியுங்கள். 33 அங்குல மேடை மேல் டேபிள் டாப் கிரைண்டரை வைத்தால் அதன் வாய் கிட்டத்தட்ட 4 அடியில் வரும். 5 அடி உயரமுள்ளவருக்கு அது நெஞ்சுக்கு மேல். உள்ளே கைவிட்டு ஓரத்து மாவைத் தள்ளிவிட முடியாது, வழிக்கும்போது தோள் வலிக்கும். எங்கள் வீட்டில் பிறகு சர்வீஸ் பால்கனியில் 2 அடி உயரத்தில் சின்னதாக ஒரு கடப்பாக்கல் மேடை போட்டு, பக்கத்தில் ஒரு குழாயும் ஒரு பிளக்கும் வைத்தோம். அம்மா இப்போது நின்றபடியே, முதுகு வளையாமல் மாவை வழிக்கிறார். மழைச்சாரல் அடிக்கும் பால்கனி என்றால் பிளக்கை உட்சுவரில் வையுங்கள், மூடியுள்ள வகை நல்லது.

பால்கனி இல்லாத வீட்டில், தெற்கு மேடையின் ஒரு பகுதியை 2 அடி அகலத்துக்குத் தாழ்த்திக் கட்டச் சொல்லலாம். சப்பாத்தி தேய்க்கவும் அந்தத் தாழ்வு உதவும்.

8. மிக்ஸி, மைக்ரோவேவ், இண்டக்‌ஷன்

மிக்ஸி தினமும் நான்கு முறை ஓடும். வேலை மேடைக்குக் கையெட்டும் தூரத்தில் நிரந்தரமாக நிற்கட்டும். மூலையில் சும்மா கிடக்கும் இடம் அதற்குச் சரியாக இருக்கும்.

மைக்ரோவேவை ஃபிரிட்ஜ் மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜின் காற்றுவழி அடைபடும், சூடான கிண்ணத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்க வேண்டிவரும். அதன் அடித்தட்டு நெஞ்சு உயரத்தைத் தாண்டக் கூடாது.

இண்டக்‌ஷன் அடுப்பு கேஸ் தீர்ந்த நாளுக்கு என்று வாங்குவது. ஆனாலும் சுவரில் அதற்கு உரிய பாயிண்ட் வேண்டும்.

9. தரையில் வரைந்து சமைத்துப் பாருங்கள்

காகிதத்தில் முடித்ததை இப்போது அறையில் வரையுங்கள். மேடை, அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் உண்மையான அளவில் சாக்பீஸால் போட்டு, செய்தித்தாளை வெட்டி விரியுங்கள். ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் வளைவையும் வரையுங்கள்.

அப்புறம் தினமும் சமைக்கிறவரையே கூப்பிட்டு, காலைச் சமையலை வெறும் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். பாலை எடுப்பது, அடுப்பில் வைப்பது, அரிசி களைவது, சட்னி அரைப்பது, தாளிப்பது. நீங்கள் ஓரமாக நின்று அவர் எங்கே திரும்பி நடக்கிறார், எங்கே தயங்குகிறார் என்று குறியுங்கள். சூடான பாத்திரத்தோடு நடைவழியைக் கடக்க நேர்ந்தால் அந்த இடம் மாற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து சமைக்கும் வீடு என்றால் இருவரையும் நிற்க வையுங்கள். நடைவழி ஒருவருக்கு மூன்றரை அடி, இருவருக்கு 4 அடி.

இதைச் செய்யாமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு மணி நேர வேலை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று மாறியிருக்கிறது.

10. கடைசியில்தான் பிளக் பாயிண்ட்

இடங்கள் முடிவான பிறகு, சுவரை வெட்டும் முன், எலக்ட்ரீஷியனிடம் எழுதிக் கொடுக்க வேண்டிய பட்டியல் இது.

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 750 வாட் மிக்ஸி மூன்றேகால் ஆம்பியர்; 6 ஆம்பியர் பிளக் போதும். 2000 வாட் இண்டக்‌ஷன் 8.7 ஆம்பியர், அதற்கு 16 ஆம்பியர் பிளக்தான். 1500 வாட் கெட்டில்கூட 6.5 வருகிறது. மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம், இண்டக்‌ஷன், ஃபிரிட்ஜ் நான்குக்கும் 16 ஆம்பியர் கேளுங்கள். இரண்டு பெரிய பாயிண்டுகளை ஒரே வயரில் தொடர்ந்து கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் வயர் சூடாகும் அல்லது எம்.சி.பி (மின்சாரம் அளவை மீறினால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி இல்லாவிட்டால் இப்போதே போட்டுவிடுங்கள். ஈரக் கையோடு ஸ்விட்ச் போடுகிற அறை இது.

மேடை மேல் வரும் பாயிண்டுகள் கல்லிலிருந்து 8, 10 அங்குல உயரத்தில் இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் வேண்டாம், சிங்க் குழாயிலிருந்து பக்கவாட்டில் 2 அடி தள்ளட்டும். ஃபிரிட்ஜ் பாயிண்டை அதன் முதுகுக்குப் பின்னால் வைத்தால் ஸ்விட்சை அணைக்க ஃபிரிட்ஜையே இழுக்க வேண்டும். பக்கத்தில், மேடை மேல் வையுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு அடுத்த அலமாரிக்குள். சிம்னிக்கு 7 அடி உயரத்தில், புகைக்குழாய் மறைக்காத பக்கம்.

பாயிண்டுகளைச் சுவரிலேயே சாக்பீஸால் வரைந்து, எந்தப் பாயிண்ட் எந்தச் சாதனத்துக்கு என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது மறுநாள் வேறு ஆள் வேலைக்கு வந்தால் நிற்காது.

பைப்பும் வயரும் பதித்து முடித்ததும், பூச்சு வேலைக்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எத்தனை அடியில், மூலையிலிருந்து எத்தனை அடியில் குழாய் ஓடுகிறது என்று படத்தில் தெரிய வேண்டும். சிம்னிக்காரரும் ஆர்.ஓ மாட்டுகிறவரும் டிரில்லோடு வந்து நிற்கும் அன்று, துளை போடும் முன் அந்தப் படத்தை அவர்களிடம் காட்டுங்கள்.